எல்லையைத் தாண்டாத ஸ்பேனர்

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரைக்கும் உள்ள அத்தனை அம்மன் கோயில்களிலும் வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடித்த ஒரே போலந்துக்காரர் ஸ்பேனர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். போலந்துக்காரரை விடுங்கள், அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட அப்படி ஒரு சாதனையாளர் இருப்பதாகத் தெரியவில்லை. மனிதனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். எங்கள் அடுக்ககத்தின் செக்யூரிட்டி அதை ரெஜிஸ்டரில் பார்த்து வாய்விட்டுப் படிக்க முயன்று, பாதியில் இருமல் வந்து, ஆளுக்கொரு பக்கம் முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. குடிவந்த முதல் நாளே லிப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே அவரும் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரும். செயலாளர் மணியை அழுத்தினார், கதவைத் தட்டினார், சங்கத்தைத் திட்டினார். சங்கமே தான்தான் என்பது அப்போது அவருக்கு மறந்துபோயிருந்தது. புதியவர் மட்டும் நிதானமாக, மற்றவர்கள் சீப்பு வைத்திருக்கும் பின்பக்கப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, பத்து நிமிஷத்தில் கதவைத் திறந்து, செயலாளரை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் வெளியே வந்தார். அன்றிலிருந்து அவர் ஸ்பேனர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற ஒரு கம்பெனிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். தனி ஆள். இரண்டு வருஷ ஒப்பந்தம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதுவாகக் கடற்கரைப் பக்கம் வீடு பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போவார்கள். இவர் பூந்தமல்லியைத் தாண்டி எங்கள் அடுக்ககத்தில், எனக்கு எதிர்வீட்டில் குடிவந்தார். ஏன் என்று கேட்டதற்கு, தொழிற்சாலைக்கு நடந்து போகலாம் என்றார். நடந்தும் போனார். நான் கோவில்பட்டியிலிருந்து வந்து அங்கே பதினொரு வருஷம் ஆகியிருந்தது. தரமணியில் ஐ.டி. வேலை. பால் வாங்கக்கூட பைக்கில்தான் போவேன்.

தமிழை அவர் கற்றுக்கொண்டது எங்களுக்குத் தண்ணீர் கேன் போடும் தாமுவிடம். தாமு அந்த மண்ணிலேயே பிறந்தவர், எல்லையம்மன் கோயில் விழாக் கமிட்டியின் காரியதரிசி. அதனால் ஸ்பேனருக்கு வாய்த்த தமிழும் கேனோடு சேர்ந்து தெருத்தெருவாக உருண்டு வந்த தமிழ். ஆவடிப் பக்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் செயலாளர். சொந்த மாப்பிள்ளையே அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு காலையில் அவர் தோளில் கையைப் போட்டு ஸ்பேனர் கேட்டார்:

“இன்னா மாமே, லிப்ட்டு நல்லா ஓடுதா?”

செயலாளர் அன்றைக்கு மூன்று மாடியும் படியேறிப் போனார்.

வந்த கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி பூசணிக்காய் உடைத்தார்கள். ஸ்பேனர் கைதட்டி ரசித்தார். உடைத்து முடித்துவிட்டு எல்லோரும் பொரி சாப்பிடப் போனதும், வீட்டிலிருந்து துடைப்பமும் முறமும் எடுத்துவந்து கூட்ட ஆரம்பித்தார். யாராவது வழுக்கி விழுந்தால் என்ன ஆகிறது என்று கவலை. எங்கள் தெருவோடு நின்றாரா என்றால் இல்லை. குமணன்சாவடிச் சந்திப்பில் ஒரு வெள்ளைக்காரர் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் போன் வந்தது. பைக்கில் போய்க் கூட்டிவந்தேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார், திருப்தியாக.

போகிக்கு அவர் செய்ததைத்தான் என் மனைவி செல்வி இன்றுவரை மன்னிக்கவில்லை. வேண்டாத பழைய சாமான்களை வெளியே போடும் நாள் என்று அவருக்கு விளக்கியிருந்தேன். விடியற்காலையில் அடுக்கக வாசலில் குவிந்த குவியலை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். செல்வி பல வருஷங்களாகத் தொலைந்தால் போதும் என்று காத்திருந்த மிக்ஸியையும் அதில் போட்டிருந்தாள், புதுசு வாங்கலாம் என்று. பொங்கலன்று, பானையில் பால் பொங்குகிற நேரத்தில், வாசலில் மணி அடித்தது. ஸ்பேனர். கையில் அதே மிக்ஸி, பளபளவென்று. “நல்லா கீதும்மா. ஒயருதான் போச்சு, மாத்திட்டேன்” என்று கொடுத்தார். அன்று எங்கள் அடுக்ககத்தில் பதினான்கு வீடுகளுக்கு அவரவர் சனியன் அவரவரிடமே திரும்பி வந்து சேர்ந்தது.

அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. அதுதான் செல்வியின் குறையே.

ஆடி மாதத்தில்தான் மனிதர் முழு வேகத்துக்கு வந்தார். எந்தத் தெருக் கோயிலில் எந்த ஞாயிறு கூழ் வார்க்கிறார்கள் என்று விசாரித்து, தொழிற்சாலையில் உற்பத்திக்குப் போடுவதுபோல வண்ண வண்ணக் கட்டங்களாக அட்டவணை தயாரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். சொந்த எவர்சில்வர் சொம்போடு கிளம்புவார். ஒவ்வொரு கூழுக்கும் மதிப்பெண் உண்டு. முருங்கைக்கீரைப் பொரியல் கூட இருந்தால் அரை மதிப்பெண் அதிகம். பம்பைக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு கோயில்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டு ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கக் கமிட்டிக்காரர்களே அந்த அட்டவணையைத் தேடி வரும் நிலைமை ஏற்பட்டது. போலந்துக்காரர் சமையலறையில் எல்லையம்மன் கோயில் கமிட்டி கூடி நின்று விரலால் கட்டம் எண்ணியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் நான் பதினொரு வருஷமாக ‘கோவில்பட்டி’ என்றுதான் சொல்லிவந்தேன். ஸ்பேனரைக் கேட்டால் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டுவார்.

இரண்டாவது ஆடி வந்தபோது அவருடைய ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்தான் இருந்தது. நீட்டிப்பார்களா, திருப்பி அழைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. ஸ்பேனர் தாமுவிடம் போய், எல்லையம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் காப்பு கட்ட வேண்டும் என்று கேட்டார். என்ன வேண்டுதல் என்றார் தாமு. இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். தாமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பெயரை எழுதிக்கொண்டார். ‘ஸ்பேனர், பால்குடம்’ என்று.

காப்பு கட்டிய அன்று தாமு தோளில் தண்ணீர் கேனோடு விதிமுறைகளை ஒப்பித்தார். பத்து நாள் கவிச்சி கூடாது, செருப்பு கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஸ்பேனர் டைரியில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, எல்லை எது என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியைத் தாமுவிடம் பிறந்ததிலிருந்து யாரும் கேட்டதில்லை. கேன் வேறு கனத்தது.

“அதோ கீது பாரு கால்வாய்ப் பாலம், அதான்” என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் திருமழிசைத் தொழிற்பேட்டை.

மறுநாள் ஸ்பேனர் வேலைக்குப் போகவில்லை. சரியாகச் சொன்னால், போனார். மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு பாலத்தின் இந்த முனை வரைக்கும் போய் நின்றுகொண்டார். அங்கே ஒரு டீக்கடை உண்டு. அதன் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்துவைத்தார். முதல் நாள் கம்பெனி மேனேஜர், இவருக்கு உடம்புக்கு என்னவோ என்று போன் செய்தார். இரண்டாம் நாள் வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார். மூன்றாம் நாள் குட்டியானை வண்டி ஒன்று ஓர் இயந்திரத்தின் உடைந்த பாகத்தை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்து நிற்க, ஸ்பேனர் டீக்கடை வாசலிலேயே அதைச் சரிசெய்து திருப்பி அனுப்பினார். நான்காம் நாளிலிருந்து அந்த டீக்கடை கம்பெனியின் கிளை அலுவலகம் ஆயிற்று. அந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரில் ஷிப்டு சூபர்வைசர், இந்தப் பக்கச் சுவரில் ஸ்பேனர். நடுவில் ஆடு, மாடு, பள்ளிக்கூட வேன் எல்லாம் போகும். உற்பத்தி குறையவில்லை, வடை வியாபாரம் கூடிவிட்டது.

காப்பு கட்டிய மற்றவர்கள் அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டால் தோஷமில்லை என்பது ஊருக்குள் வழக்கம். தாமு ஓடிப்போய் இதைச் சொன்னார். ஸ்பேனர் டைரியைப் புரட்டிக் காட்டினார். முதல் நாள் சொன்னதில் அது இல்லை. வேலைக்கு நடுவில் விதியை மாற்றினால் இயந்திரம் உடைந்துவிடும் என்பது அவர் கட்சி.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, புதன்கிழமை வரை. அன்று சாயங்காலம் மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு வந்தார். போலந்திலிருந்து முதலாளி வருகிறாராம். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பகல், பதினோரு மணிக்குத் தொழிற்சாலையில் கூட்டம். ஸ்பேனரை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று அங்கேயே முடிவாகிவிடும். முதலாளி கண்டிப்பானவர். டீக்கடைக்கெல்லாம் வரமாட்டார். ஆள் வரவில்லையென்றால், வேலையில் அக்கறையில்லை என்று அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவார்.

எதிர்வீட்டுக்குப் போனேன். ஸ்பேனர் பாயில் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருமணி நேரம்தானே, போய்விட்டு வந்துவிடுங்கள், அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்த சமாதானமெல்லாம் சொன்னேன். அவர் சாதத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மாகிட்ட ரெண்டு வருசம் குடுன்னு கேட்டுக்கீறேன். கேட்டுட்டு, அவங்க சொன்னத நானே மீறினா எப்டி நைனா?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கோயிலுக்குள் நான் இரண்டு தடவை போயிருப்பேன். இரண்டும் மழைக்கு ஒதுங்கியது.

தாமுவைத் தேடிப் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “நான் வாய்க்கு வந்தத சொன்னேன் சார். மெய்யாலுமே எல்லை எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார். இரண்டு பேருமாகப் பூசாரியிடம் போனோம். அவர் யோசித்து, எல்லைக் கல் என்று ஒன்று இருந்தது, பழைய ஏரிக்கரை ஓரம், பனைமரத்தடியில் என்றார். ஏரிக்கரையும் இல்லை, பனைமரமும் இல்லை. விசாரித்து விசாரித்து அடையாளம் பிடித்துக்கொண்டு போனால், எங்கள் அடுக்ககத்தின் மோட்டார் அறையில் போய் நின்றோம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பாதி அடுக்ககம் ஊருக்குள், பாதி வெளியே. என் வீடும் ஸ்பேனர் வீடும் வெளியே.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விஷயம் தெரிந்தால் அந்த மனிதர் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த நிமிஷமே கோயிலுக்குக் குடிபோய்விடுவார். இத்தனை நாளாக எல்லைக்கு வெளியே தூங்கிவிட்டேனே என்று அழுதாலும் அழுவார். செயலாளர் மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். பல்லி என்று சொன்னேன்.

பூசாரிதான் வழி கண்டுபிடித்தார். மோட்டார் அறையை விட்டு வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“கல்லு இன்னா பெரிய கல்லு. அம்மா கரகம் எது வரிக்கும் போவுதோ, அது வரிக்கும் எல்லை. நாளானிக்கு ஆடி வெள்ளி, எப்டியும் கரகம் ஊர சுத்தப் போவுது. கொஞ்சம் தள்ளி சுத்துனா போச்சு.”

கமிட்டி கூடியது. கொஞ்சம் தள்ளி என்பது இரண்டு கிலோமீட்டர். வெயில். நடுவில் பெங்களூர் நெடுஞ்சாலை. ஒரே ஒருவர் மட்டும், ஒரு ஆளுக்காக அம்மனை அவ்வளவு தூரம் நடத்துவதா என்று கேட்டார். தாமு அவரைத் திரும்பிப் பார்த்து, போன போகியில் உன் வீட்டு டேபிள் பேனைச் சரிசெய்தது யார் என்று கேட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை காலை எல்லையம்மன் கரகம் பூசாரி தலையில் ஏறிக் கிளம்பியது. பம்பை, உடுக்கை, வேப்பிலை, பால்குடக்காரர்கள் வரிசை. வழக்கமான வழியை விட்டுவிட்டு எங்கள் அடுக்கக வாசலுக்கு வந்தது. அங்கே அம்மன் வருவது அதுதான் முதல் தடவை. செல்வி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். செயலாளர் எங்கிருந்தோ ஓடிவந்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தேன். நெடுஞ்சாலையில் கரகம் ஏறியதும் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஜன்னல்களிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பாலத்தருகே வந்ததும் ஸ்பேனர் நின்றுவிட்டார். பூசாரி ஆடிக்கொண்டே பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போகும்வரை இமைக்காமல் பார்த்தார். பிறகு ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். டீக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் சோகமாக நின்றுகொண்டிருந்தார்.

தொழிற்சாலை வாசலில் தொழிலாளர்கள் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். முதலாளி கோட்டும் டையுமாக நின்றார். யாரோ அவர் நெற்றியில் குங்குமம் இட்டுவிட்டார்கள். ஸ்பேனர் வாசலில் மறுபடி நின்றார். கரகம் கேட் வரைக்கும்தானே வந்திருக்கிறது, உள்ளே போனால் எல்லை தாண்டியதாகிவிடுமே என்று அவருக்குச் சந்தேகம். பூசாரி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். இப்போது அடுத்த சிக்கல். இயந்திரக் கூடத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது ஸ்பேனரே போட்ட விதி. பம்பைக்காரர்களுக்கெல்லாம் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிவிட்டார். பூசாரி முன்னால் வந்து நின்றபோது கையில் ஹெல்மெட்டோடு கொஞ்ச நேரம் யோசித்தார். தலையில் அம்மனே இருக்கிறாள். பூசாரிக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நிறுத்திவைத்திருந்த பெரிய இயந்திரத்தைக் கரகம் ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்கு வந்தது. ஸ்பேனர் மஞ்சள் வேட்டியோடு முதலாளியின் பின்னால் அலுவலக அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது.

ஊர்வலத்தைத் திட்டமிட்டபோது நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். கரகத்தைக் கீழே வைக்கக் கூடாது. கூட்டம் முடியும்வரை பூசாரி தலையில் கரகத்தோடு உச்சி வெயிலில் நின்றாக வேண்டும். கரகம் சும்மா நிற்கவும் கூடாதாம், அதனால் பம்பையும் ஓயவில்லை. கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. பெண்கள் மாறி மாறிப் பூசாரியின் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன், என்னுடைய சொந்தச் சம்பள உயர்வுக் கூட்டம் உட்பட. அன்றைக்குப் போல நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. கடைசியில் தாமு பொறுக்கமாட்டாமல் மேனேஜரைப் பிடித்து, “அம்மா வெயில்ல கீறாங்க, சட்டுனு முடிக்கச் சொல்லு” என்று உள்ளே அனுப்பினார். இரண்டு நிமிஷத்தில் கதவு திறந்தது.

ஸ்பேனர் வெளியே வந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். பம்பைக்காரர்கள் அதற்கப்புறம் வாசித்த வாசிப்பில் ஹெல்மெட்டுகள் கழன்று விழுந்தன.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு கேட்டோம். முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்து, இவர்களெல்லாம் யார் என்று கேட்டாராம். “என் ஊரு ஜனம்னு சொன்னேன்” என்றார் ஸ்பேனர். அதற்குப் பிறகு முதலாளி வேறு எதையும் அதிகம் கேட்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு. ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கண்டதும் ஸ்பேனர் குதித்தார். அவர் ஊரில் ஈஸ்டருக்கு மறுநாள் இப்படித்தான் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்களாம். இரண்டு வருஷமாக அடக்கிவைத்திருந்தார் போலிருக்கிறது. முதல் குடம் செயலாளர் தலையில். செயலாளர் ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு கீழே கிடந்த சொம்பை எடுத்துக்கொண்டு, “நில்லுடா மாமே” என்று துரத்திக்கொண்டு ஓடினார். லிப்டில்லாமலே மூன்று மாடி.

கிடைத்த இரண்டு வருஷமும் போன வருஷம் முடிந்துவிட்டது. ஸ்பேனர் கிளம்பிப் போன அன்று தாமு யாருக்கும் கேன் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இந்த ஆடியில் நானும் காப்பு கட்டிக்கொண்டேன். தரமணிக்குப் போகவில்லை, பத்து நாளும் வீட்டிலிருந்தே வேலை. என் மேலதிகாரிக்கு எல்லையம்மனை விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு தனிக் கதை. வெள்ளிக்கிழமை கரகம் எங்கள் அடுக்ககத்துக்கு வந்தது, நெடுஞ்சாலையைக் கடந்தது, தொழிற்சாலைக்குள் போய் அந்த இயந்திரத்தைச் சுற்றியது. ஒரு தடவை போன இடத்துக்கு அம்மன் போகாமல் இருக்க முடியாதாம். பூசாரிக்கு முழங்கால் வலி. முனகிக்கொண்டே ஆடினார்.

வாசலில் நின்றபடி ஸ்பேனருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை நேரம். ஸ்வெட்டர் போட்டிருந்தார். கரகத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். கேட் வரைக்கும் வந்ததா, உள்ளே போனதா என்று கேட்டார். போனது என்றேன். ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவருடைய காதுதான் தெரிந்தது. நான் போனைத் தாமுவிடம் கொடுத்துவிட்டேன். அவரும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“போலந்து எத்தினி கிலோமீட்டரு கீது சார்?” என்று கேட்டார்.

ரொம்ப தூரம், நடுவில் மலையெல்லாம் இருக்கிறது என்றேன். தாமு காதில் போட்டுக்கொள்ளவில்லை, மேற்கே பார்த்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கும், செருப்பில்லாத காலோடு அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது, மெல்ல நடந்தால் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.